ஓக்கிமொரோஸ், பொலித்லாஸ்: இரண்டு அடைமொழிகளுக்குத் தமிழ்

குழுவினருக்கு வணக்கம்.

ஹோமரின் கிரேக்கக் காவியங்களான இலியட், ஒடிசியைத் தமிழாக்குவதற்கான நம் சொற்பட்டியலில் இரண்டு அடைமொழிகள் இன்னும் முடிவாகவில்லை. அக்கிலீஸுக்கு வரும் ‘ஓக்கிமொரோஸ்’, ஒடிசியஸுக்கு வரும் ‘பொலித்லாஸ்’. இருவருக்கும் காலத்தோடு உள்ள உறவு இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. டிராய்ப் போரில் நின்றால் அழியாப் புகழ், ஊர் திரும்பினால் நெடிய ஆயுள் என்று அக்கிலீஸே சொல்கிறான் (இலியட் 9:410–416, அதாவது 9ஆம் காண்டம், அடி 410–416). அதே போருக்குப் போன ஒடிசியஸ் வீடு சேர 20 ஆண்டு ஆகிறது. அதில் 7 ஆண்டு கலிப்சோ என்ற தேவதையின் தீவில். சாவும் மூப்பும் இல்லாமல் வைத்திருக்கிறேன் என்று அவள் சொல்லியும் அவன் இசையவில்லை.

பட்டியலில் இப்போது ‘அற்பாயுளன்’, ‘பொறுமைசாலி’ என்று இருக்கின்றன. மாற்று உண்டா?

—

ஐயா, வணக்கம்.

‘அற்பாயுளன்’ நிற்காது. இலியட் 15:441இல் இதே சொல் அம்புகளுக்கு வருகிறது. அம்புக்கு ஏது ஆயுள்? ‘ஓக்கி’ விரைவு, ‘மொரோஸ்’ விதித்த சாவு. ‘விரைசாவு’ என்று வைத்தால் விரைசாவு அம்பு, விரைசாவினன் இரண்டும் அமையும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. அக்கிலீஸின் தாய் தெட்டிஸ் இலியட் 1:417இல் அவனிடம் ஓக்கிமொரோஸ் ‘ஆகிவிட்டாய்’ என்கிறாள். 18:95இல் ‘ஆவாய்’ என்கிறாள். அடைமொழி ஒன்றே, காலம் இரண்டு. விரைசாவு வினைத்தொகை: நன்னூல் சொல்லும் ‘காலம் கரந்த பெயரெச்சம்’. விரைந்த, விரைகின்ற, விரையும் மூன்றும் உள்ளே அடங்கும். ‘விரைந்த சாவு’ என விரித்தால் இரண்டில் ஓரிடம் பிழையாகும். மெய்ப்பு பார்ப்பவர்கள் ‘ச்’ சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது; ‘விரைச்சாவு’ என்றால் விரை விதையாகிவிடும்.

‘பொலித்லாஸ்’ஸுக்குப் ‘பலபொறையன்’ சொல்கிறேன். ‘பொலி’ என்றால் பல; அடுத்து வரும் கிரேக்க வேருக்குச் சுமத்தல், தாங்குதல் என்று பொருள். நம் ‘பொறை’யும் சுமை, பொறுத்தல் இரண்டையும் குறிக்கும். ‘பொறுமை’யில் சுமை இல்லை. ‘பல்பொறையன்’ என்று சுருக்கினால் வாசகர் பல்லில் இடறுவார்.

—

அம்மா, விரைசாவினன் முழுக்கச் சரி. ஆனால் விளக்கத்தில் ‘அக்கிலீஸின் அடைமொழி’ என்று போட வேண்டாம். ஒடிசி 1:266இல் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதுவே வருகிறது. பொலித்லாஸ் ஒடிசியஸுக்கு மட்டும்.

பொறையில் ஒரு குறை: கிரேக்க வேரில் துணிதலும் உண்டு. ‘ஆற்று’ என்ற வினையில் பொறுத்தலும் செய்ய வல்லதாதலும் உண்டு. ஆனால் ‘பல்லாற்றன்’ என்றால் பல ஆறுகள், ‘பல்லாற்றலன்’ என்றால் பல திறமைகள். ஆகவே பொறையே இருக்கட்டும். துணிவை விளக்கத்தில் சேர்க்கலாம்.

ஒடிசி 20:18ஐயும் பாருங்கள். பணிப்பெண்கள் சிரித்தபடி போவதைக் கண்டு கொதிக்கும் தன் நெஞ்சிடம் ஒடிசியஸ் சொல்வது: ‘பொறு நெஞ்சே, இதைவிடக் கொடியதை ஒருநாள் பொறுத்தாய்.’ ஒற்றைக்கண் அரக்கன் தன் தோழரைத் தின்ற நாளைச் சொல்கிறான். கடந்த நாளைக் காட்டி இந்த இரவைத் தாண்டுகிறான். அங்கே இரு வினைகளும் பொலித்லாஸின் வேரிலிருந்து வந்தவை. பொறு, பொறுத்தாய், பலபொறையன் என்று வைத்தால் அந்தத் தொடர்பு தமிழிலும் கண்ணில் படும். மொழிபெயர்ப்பவர்கள் அந்த அடியில் ‘தாங்கு’, ‘சகி’ என்று மாற்றாமல் இருக்கும்படி சொற்பட்டியல் பதிவிலேயே ஒரு குறிப்பு வேண்டும்.