பிளேடு எண்ணியவர்கள்: ரேடியல் எஞ்சின் அனுபவங்கள்

டகோட்டா தாத்தா:

சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் பழைய விமான எஞ்சினான ரேடியல் எஞ்சினோடு பழகியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பழகினேன் என்பதைவிட அதன் எண்ணெயில் குளித்தேன் என்பதுதான் சரி. தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் கடைசியில் வடகிழக்கில் டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் சரக்கு விமானங்களின் பராமரிப்புக்குப் போனேன். சாலை இல்லாத மலைச் சாவடிகளுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் வானிலிருந்து போட்டுவிட்டு வருவதுதான் அந்த விமானங்களுக்கு வேலை. அப்போதே ஒவ்வொன்றுக்கும் முப்பது வயது தாண்டியிருந்தது. என்னைவிட மூத்தவை.

டகோட்டாவில் இருப்பது இரண்டு பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. ட்வின் வாஸ்ப் என்றும் சொல்வார்கள். வட்டமாக 7 சிலிண்டர், அதன் முதுகில் இன்னொரு 7. மொத்தம் 14 சிலிண்டர், 30 லிட்டர், 1,200 குதிரைத்திறன். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, எதிர்க்காற்றுதான் குளிரவைக்கும். போர்க்காலத்தில் இதற்கு அத்தனை மவுசு இருந்ததற்கு இது ஒரு காரணம். தண்ணீர்க் குழாயில் குண்டு பட்டால் மற்ற எஞ்சின் சில நிமிடங்களில் சூடேறி நின்றுவிடும். இதில் ஒரு சிலிண்டர் போனாலும் மிச்சத்தை வைத்து இழுத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். இந்த ஒரு மாடலில் மட்டும் 1,73,000க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

காலையில் முதல் வேலை ப்ரொப்பெல்லரின் பிளேடு இழுப்பது. கீழே பார்த்துத் தொங்கும் சிலிண்டர்களில் இரவெல்லாம் எண்ணெய் கசிந்து இறங்கி நிற்கும். எண்ணெய் அமுங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் கீழே இறங்கி எண்ணெயில் முட்டும், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும். அதனால் ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, தேர் வடம் பிடிப்பது மாதிரி இரண்டு பேர் மாறி மாறி ப்ரொப்பெல்லரைக் கையால் இழுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு பிளேடு வரை எண்ணுவோம். எஞ்சின் 16 சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் 9 சுற்றுதான் சுற்றும், நடுவில் பல்சக்கரம் இருக்கிறது. அந்தக் கணக்கில் பன்னிரண்டு பிளேடுக்குள் எல்லாச் சிலிண்டரும் மூன்று முறையாவது அமுக்கத்துக்கு வந்து போயிருக்கும்.

நான் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு பனிக்காலக் காலை, ஐந்தாவது பிளேடில் கல் மாதிரி நின்றுவிட்டது. இளரத்தம் இல்லையா, தோளைக் கொடுத்து முட்டினேன், அசையவில்லை. சரி, கொஞ்சம் பின்னால் ஆட்டிவிட்டு மறுபடி இழுக்கலாம் என்று கையை மாற்றிப் பிடித்தேன். எங்கிருந்துதான் வந்தாரோ, மதுரைப் பக்கத்து சார்ஜென்ட் ஒருவர், "டேய் தம்பி, கையை எடுடா!" என்று போட்ட சத்தத்தில் வயிறு கலங்கிவிட்டது.

பின்னால் திருப்பினால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். தேங்கிய எண்ணெய், திறந்திருக்கும் வால்வு வழியாக இன்டேக் குழாய்க்குப் போய் ஒளிந்துகொள்ளும். ப்ரொப்பெல்லர் லேசாகச் சுற்றும், நமக்கும் வேலை முடிந்த மாதிரி இருக்கும். எஞ்சின் பற்றியதும் அதே எண்ணெயை உறிஞ்சி, இந்தத் தடவை நிஜமாகவே ராடை வளைக்கும். அது அன்றே உடைந்தால்கூடப் பரவாயில்லை. பத்து நாள் கழித்து மலை மேலே போகும்போது உடைந்தால்?

அடியில் இருக்கும் 7, 8, 9 மூன்று சிலிண்டரிலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். எட்டாவதிலிருந்து ஒரு டம்ளர் எண்ணெய் கரகரவென்று என் சட்டை மேலேயே கொட்டியது. "சட்டை போனால் வேறு கிடைக்கும்" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

ஸ்டார்ட் ஆகிற அழகைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டார்ட்டர் முனகும். அங்கேயும் பைலட் பிளேடுகளை எண்ணிவிட்டுத்தான் பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைப் போடுவார். முதலில் ஒரே ஒரு சிலிண்டர் இருமும், அப்புறம் மூன்று, அப்புறம் சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் புகை. அந்தப் புகை கலைவதற்குள் பதினான்கும் ஒரே தாளத்துக்கு வந்து தடதடவென்று நிலைக்கும். ஜெட் எஞ்சினில் இந்த நாடகமெல்லாம் கிடையாது.

பலாலிப் பெடியன்:

ஐயா, நீங்கள் வெளியே நின்று பார்த்ததை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அறுபதுகளில் எயார் சிலோன் டகோட்டா யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கும் இடையில் ஓடியது. அந்தக் கம்பனியின் முதல் பயணமே எங்கள் பக்கத்தால்தான் போனது. 1947 டிசம்பர் 10, இரத்மலானையில் கிளம்பி காங்கேசன்துறையில் இறங்கி மதராசுக்குப் போனார்கள்.

எனக்கு ஆறோ ஏழோ வயது. டகோட்டா வால் தரையில் படுகிற மாதிரிக் குந்தியிருக்கும், அதனால் கதவால் ஏறி சீட்டுக்குப் போவது மேடு ஏறுகிற மாதிரி. என்னை யன்னல் பக்கம் இருத்திவிட்டார்கள். எஞ்சின் மூடியிலிருந்து செட்டை வரைக்கும் கறுப்புக் கோடு கோடாக எண்ணெய் வழிந்திருந்தது. பயந்துபோய், "அப்பா, எஞ்சின் கண்ணீர் விடுகுது" என்றேன். அப்பா பேப்பரை விட்டுத் தலை தூக்காமல், "விடட்டும். அது அழாட்டித்தான் நாங்கள் அழவேண்டி வரும்" என்றார். அவர் தபால் கந்தோரில் வேலை பார்த்த மனிசன், இது அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

டேட்டன் பக்கத்திலிருந்து:

இரண்டையும் படித்துச் சிரித்தேன். நான் கையால் தொட்டதில்லை, கண்ணால் பார்த்ததுதான். ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் பி-36 என்று ஒரு ராட்சதக் குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. இறக்கையின் பின்விளிம்பில் பின்னோக்கிய ஆறு ப்ரொப்பெல்லர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்-4360 எஞ்சின், 7 சிலிண்டராக நான்கு வரிசை, மொத்தம் 28. ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடக் கொஞ்சம் திருகி நிற்கும், பின்வரிசைக்கும் காற்று போக வேண்டுமே. மக்காச்சோளக் கதிர் என்று இதற்குப் பட்டப்பெயர். என் மகள் பார்த்துவிட்டு பலாப்பழம் என்றாள். அவள் சொன்னதுதான் பொருத்தம்.

சிலிண்டருக்கு இரண்டு பிளக். விமானத்துக்கு 336. கடைசியில் அதுவும் போதாமல் இறக்கை நுனிப் பக்கம் நான்கு ஜெட் எஞ்சினையும் மாட்டினார்கள். இதற்கு முந்தைய பி-29-இல் இருந்த ரைட் ஆர்-3350 இன்னும் மோசமான பேர் வாங்கியது. 18 சிலிண்டரை நெருக்கமாக அடைத்துவிட்டு அவசர அவசரமாகப் போருக்குத் தயாரித்ததில் சூடேறித் தீப்பிடித்தது. 1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டிலில் சோதனை விமானமே எஞ்சின் தீயால் விழுந்து, எடி ஆலன் என்ற புகழ்பெற்ற சோதனை விமானியும் உடனிருந்தவர்களும் இறந்தார்கள். பிற்பாடு தேறிய அதே குடும்ப எஞ்சின்தான் கான்ஸ்டலேஷன் என்ற பயணிகள் விமானத்திலும். 1948-இல் ஏர் இந்தியாவின் முதல் லண்டன் பயணம் அதில்தான்.

தாத்தாவுக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றிலும் ஏன் 7, 9 என்று ஒற்றைப்படையாகவே வைக்கிறார்கள்?

டகோட்டா தாத்தா:

நல்ல கேள்வி. ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்க, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஆகவே வட்டத்தில் ஒன்று விட்டு ஒன்றாக வெடித்துக்கொண்டு போவார்கள். 7 இருந்தால் 1, 3, 5, 7, அப்படியே 2, 4, 6. இரண்டு சுற்றில் எல்லோருக்கும் முறை வந்துவிட்டது, இடைவெளியும் சமம். 8 வைத்துப் பாருங்கள். 1, 3, 5, 7 முடிந்ததும் மறுபடி 1-க்கே வந்து நிற்கும், இரட்டைக்காரர்கள் பட்டினி. என் 14 ஏன் இரட்டைப்படை என்று கேட்காதீர்கள், அது இரண்டு 7.

336 பிளக்கா? எங்கள் டகோட்டாவின் இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து 56. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதற்கே முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். உங்கள் பலாப்பழத்தில் ஒரே எஞ்சினுக்கு அந்த 56-உம் போய்விடும். சார்ஜென்ட் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பலாலித் தம்பி, உங்கள் அப்பா சொன்னது எங்கள் ஹேங்கரிலும் வேறு வார்த்தையில் நடமாடிய பேச்சுதான். எண்ணெய் ஒழுகாத எஞ்சினைக் கண்டால் முதலில் டாங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்போம்.

2018-இல் இங்கிலாந்தில் புதுப்பித்து, அங்கிருந்து பறந்தே இந்தியா வந்த பரசுராமா டகோட்டாவின் வீடியோவைப் பேரன் போட்டுக் காட்டினான். ப்ரொப்பெல்லர் சுற்ற ஆரம்பித்ததும் நான் வாய்விட்டு எண்ணியிருக்கிறேன் போல, அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். புகை, இருமல், தாளம் எல்லாம் அப்படியே இருந்தன. வீடியோ எடுத்தவர் எஞ்சினுக்குக் கீழே வைக்கும் எண்ணெய்த் தட்டை மட்டும் காட்டவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை.