குடல் திசு மாதிரிகளுக்கு மாலையில் ஃப்ளோ சைட்டோமெட்ரி வசதி எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) நோயாளிகளின் பெருங்குடலில், அழற்சியை அடக்கும் டி-ரெக் செல்களுக்கும் அதைத் தூண்டும் டிஎச்17 செல்களுக்கும் (இரண்டும் நோய் எதிர்ப்பு செல்கள்) உள்ள விகிதத்தை, ஒளிரும் சாயமேற்றிய செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் பார்க்கிறேன்.

கொலனோஸ்கோப்பி முடிந்து பயாப்சி (அப்போது குடலிலிருந்து எடுத்த திசுத் துண்டுகள்) என் கைக்கு வரும்போதே மதியம் ஒன்றரை ஆகிவிடுகிறது. ஒவ்வொரு துண்டும் அரிசி மணி அளவுதான். ஈடிடிஏ கரைசலில் மேலடுக்குச் செல்களை நீக்கி, மிச்சத்தைக் கொலாஜினேஸ் என்ற நொதியைப் போட்டு 37 டிகிரியில் பிரித்து, வடிகட்டி, சாயமேற்றி முடிக்க மாலை ஆறரை. எங்கள் பொது ஆய்வக மையத்தில் கருவியை ஐந்து மணிக்கே நிறுத்திவிடுவார்கள். டி-ரெக் செல்களை அடையாளம் காட்டும் ஃபாக்ஸ்பி3 புரதம் உட்கருவுக்குள் இருப்பதால் எப்படியும் செல்களை ஃபிக்ஸ் செய்கிறேன் (வேதிப்பொருளால் நிலைப்படுத்துகிறேன்). அதனால் மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். டேண்டம் சாயங்கள் (இரண்டு ஒளிர் சாயங்களை இணைத்தவை) சிதைந்து வேறு நிறத்தில் ஒளிர்கின்றன, தரவை நம்ப முடியவில்லை.

நோயாளிகள் நம்பிக் கொடுத்த திசு. வீணாகும்போது மனசு கேட்கவில்லை.

சென்னையில் வெளி ஆய்வாளர்களுக்கு மாலை நேரம் ஒதுக்கும் மையம் தெரிந்தால் சொல்லுங்கள். கட்டணம் மணிக்கணக்கா, மாதிரிக் கணக்கா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. திசுவை வெளியே கொண்டுபோக நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறது.

அப்புறம், பயாப்சியை முழுதாகவே 10% டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்களைக் காக்கும் திரவம்) கரைசலில் உறையவைத்து, பிறகு பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? டி-ரெக் செல்கள் எவ்வளவு பிழைத்தன? அது சரிவந்தால் வேலூர், பெங்களூரு வரைகூட எடுத்துப்போகத் தயார். அடுத்த நோயாளி வரும் வியாழக்கிழமை வருகிறார்.