எம்ஜிபி எஞ்சினைப் பிரித்துக் கோத்தபோது: உங்கள் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

வெள்ளை ரோட்ஸ்டர்:
1967ஆம் ஆண்டின் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அதன் 1798 சிசி எஞ்சின் என்றால் இங்குள்ளவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சிலிண்டரை போரிங் செய்து, பிஸ்டன், பியரிங், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட் அனைத்தையும் புதிதாகப் போட்டிருந்தேன். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரை 180 பாகை மாற்றிப் பொருத்திவிட்டதால் எஞ்சின் பிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்றினேன். பிடித்த பிறகும், மகிழ்ச்சி மிகுதியால், மெதுவான ஓட்டத்திலேயே விட்டுவிட்டு கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தட்டல் ஒலி கேட்டது. நான்காம் வால்வு முழுதும் அமுங்கியிருக்க, ஐந்தாம் வால்வில் இடைவெளி அளக்கும் 0.38 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினால் தளர்வாக ஆடியது. சரிசெய்தேன், மறு வாரமே மீண்டும் தளர்ந்தது. டேப்பெட்டின் மேல் நிற்கும் புஷ்ராட் கம்பியை உருவி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அந்த டேப்பெட்டை விரலால் வெளியே எடுத்தபோது அதன் அடிப்பக்கம் உரற்குழிபோல் குடைந்திருந்தது. அந்த இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து எஞ்சின் முழுவதும் சுற்றியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைய ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைந்துவிட்டதே காரணம் என்று கருதுகிறேன்.

இரட்டை எஸ்யு:
என் மனத்தில் நிற்பது கார்புரேட்டர்தான். இரண்டு எச்எஸ்4 வகை எஸ்யு கார்புரேட்டர்களின், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டுகளைப் பல வாரங்கள் மேலும் கீழும் திருப்பியும் எஞ்சின் சீராக ஓடவில்லை. எம்ஜி கார்கள் உருவான அபிங்டன் ஊர் அருகே ஒரு முதிய மெக்கானிக் ஜெட்டைத் தொடவே இல்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஸ்பிண்டிலின் ஓரத்தில் சில துளி ஆயிலை விட்டார். எஞ்சினின் ஒலி அந்தக் கணமே மாறியது. தேய்ந்த ஸ்பிண்டில் வழியே காற்று புகுந்துகொண்டிருந்திருக்கிறது.

ஐந்து பியரிங்:
முதற்பதிவு எழுதிய நண்பரின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஆயில்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) தரத்தில், துத்தநாகத்தோடு சேர்ந்தே வரும் பாஸ்பரசுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு மெல்லிய வகை ஆயில்களுக்கே உரியது; நாம் ஊற்றும் தடித்த 20டபிள்யூ-50 ஆயில் அதில் அடங்காது. துத்தநாகம் மிகுந்த ஆயிலை ஊற்றியும் நான் ஒரு கேம்ஷாஃப்டை இழந்திருக்கிறேன்.

இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்டின் மேடுகளான கேம் முனைகள் பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது சிதறும் ஆயிலையே நம்பியிருக்கின்றன. மெதுவான ஓட்டத்தில் அந்தச் சிதறல் போதாது. ஆகவே கேம் முனைகளிலும் டேப்பெட்டின் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். ஆயில் பம்பை முன்னதாகவே ஆயிலால் நிரப்பினால், சில சுற்றுகளிலேயே அழுத்தம் ஏறும். நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் அந்தப் பேஸ்ட்தான் முதலில் வழித்தெடுக்கப்படும். கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறதா, இக்னிஷன் டைமிங் ஏறத்தாழச் சரியா என்பதை முன்பே உறுதிசெய்யுங்கள். பிடித்தவுடன் 2000 ஆர்பிஎம்முக்கு உயர்த்தி, 20 நிமிடம் அதற்குக் கீழே இறக்காதீர்கள். கார்புரேட்டர் வேலை அதன் பிறகுதான். எல்லாவற்றுக்கும் முன், ஒவ்வொரு டேப்பெட்டும் தன் துளையில் தங்குதடையின்றிச் சுழல்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். அது சுழலாவிட்டால் எந்த ஆயிலாலும் காப்பாற்ற முடியாது.

வெள்ளை ரோட்ஸ்டர்:
தங்கள் பதிவைப் படித்ததும் பழைய டேப்பெட்டுகளைத் தேடி எடுத்து விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். ஏழின் அடிப்பக்கத்திலும் வட்டமான தடம் படிந்திருக்கிறது. ஐந்தாவதில் மட்டும் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், நேர்கோடாக ஓடுகின்றன.