நம்ம ஆராய்ச்சிப் பேப்பர நாமளே ரெப்போசிட்டரில (யார் வேணா காசில்லாம படிக்கிற இணையக் களஞ்சியத்துல) ஏத்தின அனுபவம் இருக்கா? சொல்லுங்க

என் கதையிலயே ஆரம்பிக்கிறேன். பாக் ஜலசந்தி நீலக்கால் நண்டு பத்திதான் என் பிஹெச்டி. முதல் பேப்பர் வெளிநாட்டு ஜர்னல்ல வந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாச்சு. விடியக்காலம் 4 மணிக்கு கரையில கூடைய கொட்டி என்னை அளவெடுக்க விட்ட அண்ணனோட மக ஃபிஷரீஸ் படிக்குது, அது லிங்க் கேட்டுச்சு, அனுப்பினேன், திறந்தா 35 டாலர் கட்டுன்னு வருது. அவங்க அப்பா புடிச்ச நண்டு, கிட்டத்தட்ட 3,000 ரூபா குடுத்து படிக்கணுமாம். ரொம்ப வருத்தமா போச்சு.

இத்தனைக்கும் நான் படிச்சு வந்ததே சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) வச்சிருக்குற ஈபிரிண்ட்ஸ்ங்குற ரெப்போசிட்டரில கெடக்குற பழைய கட்டுரைங்கள வச்சுத்தான். அந்த நிறுவனம் 1947ல தொடங்குனது, தலைமையகம் நம்ம மண்டபத்துலதான் இருந்துச்சு, 1971லதான் கொச்சிக்கு போச்சு. நான் பொறக்குறதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் ஸ்கேன் பண்ணி போட்டுருக்காங்க, காசே இல்லாம படிச்சேன்.

சரி நாமளும் போடுவோம்னு ஜர்னல்ல வந்த பிடிஎஃப அப்படியே எங்க யுனிவர்சிட்டி ரெப்போசிட்டரில ஏத்திட்டேன். லைப்ரரி சார் மறுநாளே கூப்பிட்டாரு. "அவங்க லேஅவுட் பண்ண காப்பிய போடக்கூடாதும்மா, ரிவ்யூ முடிஞ்சு ஏத்துக்கிட்டாங்கல்ல, அந்த கடைசி வேர்ட் ஃபைல் இருக்கா?"ன்னாரு. இல்ல. லேப்டாப் செத்து ஆறு மாசம் ஆச்சு. கடைசில கைடு மெயில்ல "ஃபைனல் ரிவைஸ்டு 3"ன்னு ஒரு அட்டாச்மென்ட் கெடந்துச்சு, ஜர்னல் கேட்ட திருத்தத்தோட ஒவ்வொரு வரியா ஒப்பிட்டு பாத்து அதான்னு உறுதி பண்ணவே ரெண்டு நாள் ஆச்சு. 12 மாசம் எம்பார்கோ வேற, அதாவது அதுவரைக்கும் பொதுவுல திறந்து விடக்கூடாது. அதுக்குள்ளயே, ரெப்போசிட்டரில என் பேப்பர் பக்கத்துல ஆசிரியர்கிட்ட காப்பி கேக்குற பட்டன அமுக்கி யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டாரு, அதே கடல்ல அந்தப் பக்கம் அதே நண்டு, அனுப்பி வச்சேன். அண்ணன் மகளுக்கும்தான்.

—

அக்கா, நாங்க இயற்பியல், எங்களுக்கு இது தலைகீழ். 1991ல பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமாஸ்ல ஆரம்பிச்ச ஆர்க்கைவ்ங்குற (arXiv) இலவச இணையதளத்துல முதல்ல போட்டுட்டுத்தான் ஜர்னலுக்கே அனுப்புவோம். ஆனா புதுசா போடுறவங்க ஒண்ணு கவனிங்க. லேடெக்ஸ்ல (கணக்குக் குறியெல்லாம் கோட் மாதிரி டைப் பண்ற முறை) எழுதினா பிடிஎஃப் மட்டும் குடுத்தா எடுத்துக்காது, நாம டைப் பண்ண சோர்ஸ் ஃபைல் கேக்கும், அந்த சோர்ஸ யார் வேணா டவுன்லோட் பண்ணலாம். பிடிஎஃப்ல தெரியாதபடி பர்சன்ட் குறி போட்டு உள்ள எழுதி வச்ச குறிப்பும் அதோட போயிடும். எங்களோடதுல "இந்த குரூப்போட டேட்டா சந்தேகம்"னு ஒரு வரி இருந்துச்சு, அந்த குரூப்ல ஒருத்தரே பாத்துட்டு சாருக்கு மெயில் போட்டுட்டாரு. நேர்ல போய் மன்னிப்பு கேட்டோம். வெர்ஷன் 2 ஏத்தினோம், ஆனா வெர்ஷன் 1 அங்கயேதான் இருக்கும், அழியாது.

—

நான் லைப்ரரி பக்கம் இருந்து சொல்றேன். பெங்களூர் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) 2002லயே ரெப்போசிட்டரி வச்சாச்சு, 2014ல மத்திய அரசோட டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பத் துறை) ரெண்டும் சேந்து எங்க காசுல பண்ண ஆராய்ச்சின்னா ஏத்துக்கிட்ட பிரதிய ரெப்போசிட்டரில போடணும்னு கொள்கையே கொண்டு வந்தாங்க. இன்னும் நெறைய பேராசிரியர்ங்க இது திருட்டுத்தனம்னு பயப்படுறாங்க, அதான் மனசு கேக்க மாட்டேங்குது. எங்ககிட்ட குடுத்தீங்கன்னா ஒவ்வொரு ஜர்னலுக்கும் எந்தப் பிரதி போடலாம், எத்தன மாசம் காத்திருக்கணும்னு ஜர்னல் விதியெல்லாம் தொகுத்து வச்சிருக்குற ஓப்பன் பாலிசி ஃபைண்டர்ங்குற (முன்னாடி ஷெர்பா ரோமியோ) இணையதளத்துல பாத்துட்டுத்தான் ஏத்துவோம். போன வருஷம் ரிட்டயர் ஆன ஒரு அம்மா ஒரு டிரங்க் பெட்டி நெறைய ரீபிரிண்ட் கொண்டு வந்தாங்க, எல்லாம் பப்ளிஷர் அச்சடிச்சு குடுத்த காப்பி, கைப்பிரதி ஒண்ணு கூட இல்ல, பாதிக்கு மேல தலைப்பும் சுருக்கமும் மட்டும்தான் ஏத்த முடிஞ்சுது.

ஏத்துக்கிட்டோம்னு மெயில் வர்ற அன்னைக்கே அந்த வேர்ட் ஃபைல எங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க. எம்பார்கோ எப்ப முடியுதுன்னு நாங்க பாத்துக்குறோம்.