ஐசி எண்ணில் காணாமல் போன பூஜ்யம்

செந்தூல்காரன்:
கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்துதரும் சின்ன நிறுவனம் ஒன்றில் டேட்டாபேஸ் பார்க்கிறேன், கோலாலம்பூரில். போன வருடம் ஒரு பழைய சிஸ்டம் எங்கள் தலையில் விழுந்தது. நோயாளி டேபிளுக்கு ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்தான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டு; அதையும் எழுத்தாக இல்லாமல் பிக்இன்ட்டாக, அதாவது வெறும் எண்ணாக வைத்திருந்தார்கள். எழுதியவரைத் திட்ட மனம் வரவில்லை, அவர் எழுதிய காலத்தில் அங்கே வந்தவர்கள் எல்லாம் 50, 60களில் பிறந்தவர்கள், பன்னிரண்டு இலக்கமும் ஒழுங்காக நின்றிருக்கும்.

ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டர் பெண் போன் செய்தது. "அண்ணே, இந்தப் பையன் ஐசியைத் தேடினா ஆள் இல்லைங்குது. சரின்னு புதுசா பதிஞ்சா ஏற்கெனவே இருக்குங்குது."

பையன் 2003இல் பிறந்தவன். ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிதானே, வருடம் முதலில் வரும், ஆக 03 என்று தொடங்குகிறது. எண்ணாகச் சேமித்ததும் முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டது. தேடல் மட்டும் எழுத்தாக ஒப்பிட்டதால் கண்டுபிடிக்கவில்லை, பதிவு எண்ணாக மாற்றியதால் முட்டியது.

பன்னிரண்டு இலக்கத்துக்குப் பூஜ்யம் நிரப்பினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பேக்கப்பை ஒரு நகல் டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து (மீட்டெடுத்து) அதில் ஓட்டிப் பார்த்தால், 2000ஆம் வருடம் செப்டம்பர் 99ஆம் தேதி பிறந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல்! பாஸ்போர்ட் மட்டும் வைத்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கவுண்டரில் 999 போட்டு, போன் நம்பரின் கடைசி ஆறு இலக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். பூஜ்யம் நிரப்பியதும் அது 000999 ஆகிவிட்டது. நேராக லைவில், அதாவது கிளினிக் அன்றாடம் பயன்படுத்தும் டேட்டாபேஸில் ஓட்டியிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது. கடைசியில் கீயைத் தனி எண்ணாக்கி, ஐசியைச் சாதாரண எழுத்து ஃபீல்டாக வைத்து, பாஸ்போர்ட்டுக்கு வேறு ஃபீல்டு கொடுத்தோம். சொல்ல ஒரு வரி, செய்ய மூன்று வாரம்.

பாயான் லெப்பாஸ்:
பினாங்கில் இதைவிடக் கூத்து. எங்கள் கம்பெனி ஃபாரத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், சாய்கோடு போடக் கூடாது. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போடும் நாமெல்லாம் எங்கே போவது? அப்பா பெயரைத்தான் அங்கே போட்டேன், கம்பெனி மெயில் எல்லாம் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறது.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த ரீஸ்டோர்தான். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடு வைக்கும் கிட்லேப் தளத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நகல் வைத்திருக்கும் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை ஒருவர் அழித்துவிட்டார், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸின் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்க ஓடிய பிஜி டம்ப் கருவியின் பதிப்பு 9.2, இரண்டும் ஒத்துவராததால் ஒன்றுமே விழவில்லை. தோல்வியைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் எங்கள் பேக்கப்பை ஒருதரம் ரீஸ்டோர் செய்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் போதும் என்று மேனேஜரிடம் சொல்லிவைத்திருந்தேன், ஆனால் நடுவில் டிஸ்க் நிரம்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, விடியற்காலை பாங்கு கேட்கும்போதுதான் முடிந்தது.

பூச்சோங் அக்கா:
செந்தூல் தம்பி, ஒரு கேள்வி. அந்த நகலில் இருந்தது உண்மையான நோயாளிகளின் ஐசிதானே? அதை எங்கே வைத்திருந்தீர்கள்? 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

செந்தூல்காரன்:
அக்கா, கேட்டுவிட்டீர்களே. என் லேப்டாப்பில்தான். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், இன்னும் அங்கேயே கிடக்கிறது. அழித்துவிட்டு வருகிறேன்.