கார்த்தியின் காயலான் கடைச் சரக்கு

குழு: நம்ம சொந்தங்கள் 🏠

*சனிக்கிழமை*

கார்த்தி: 📷 4 படங்கள்

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். பக்கத்துத் தெருப் பாட்டி தன் கராஜைக் காலி செய்கிறார், அதற்குள் இது இருந்தது. தாத்தா போனதிலிருந்து யாரும் தொடவில்லையாம். நானும் நந்தினியும் இரண்டு நண்பர்களும் தள்ளியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 4, 1973 மாடல்.

சுதா அத்தை: இது என்னடா, கோழிக்கூடா?

நந்தினி: நானும் இதையேதான் கேட்டேன் அத்தை. ஸ்போர்ட்ஸ் கார் என்று பதில் வந்தது.

அப்பா: எவ்வளவு கொடுத்தாய்?

கார்த்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா அத்தை: நான் பார்த்துவிட்டேன்.

சேது பெரியப்பா: கார்த்தி, மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் தெரிகிற, சக்கரத்தைத் தாங்கும் அந்த வெர்டிகல் லிங்க், அடியில் அது திரும்புகிற பித்தளை மூட்டு ட்ரனியன், ஸ்டியரிங் ராக், எல்லாம் நம்ம ஹெரால்டுடா! வண்டலூர் ஸ்டாண்டர்ட் கார் கம்பெனியில் என் கையால் மாட்டிய சாமான்கள். இதை எங்கே பிடித்தாய்?

கார்த்தி: அதனால்தான் பெரியப்பா இந்தக் குழுவில் போட்டேன். ஹெரால்டின் சேசிஸைச் சின்னதாக்கி அதன் மேல்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டு வந்தார்கள். இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. கட்டியது இங்கே கவென்ட்ரியில், கேன்லி தொழிற்சாலையில். என் வீட்டிலிருந்து பக்கம்தான். 1980-இல் அங்கே கார் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

சேது பெரியப்பா: நம்ம ஊரில் 1961-இலேயே ஹெரால்ட் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நான்கு கதவு மாடல் ஓடிக்கொண்டிருந்தது, அது இங்கிலாந்தில்கூடக் கிடையாது. அப்புறம் 1972-இல் கெஸல் என்ற அடுத்த மாடல். கம்பெனி மூடியது 1988. சரி, அதை விடு. பானெட்டைத் திறந்து ஒரு படம் அனுப்பு.

கார்த்தி: 📷 படம்

அரவிந்த்: அண்ணா, வண்டியின் முன்பாதி முழுசா எழுந்து நிற்கிறது!

சேது பெரியப்பா: அதுதான் அழகு. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பட் சரி செய்யலாம், முதுகு வலிக்காது. அரவிந்த், உன் இப்போதைய காரில் ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரைக் கழற்றினார்களே, நினைவிருக்கிறதா?

அரவிந்த்: நினைவிருக்கிறது அப்பா, பில்லும் நினைவிருக்கிறது. கார்த்தி அண்ணா, அந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு எலெக்ட்ரிக் மோட்டார் வையுங்கள், சத்தமில்லாமல் பறக்கும்.

கார்த்தி: வேண்டாம்டா. இங்கே 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது, வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் 30 வருடத்துக்குள் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது, செய்தால் சோதனை விலக்கு போய்விடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், சத்தமில்லாத ஸ்பிட்ஃபயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சேது பெரியப்பா: சரியாகச் சொன்னாய். பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பிப் பார்க்கிற ஆசை வரும், திருப்பாதே. நான்கு பிளக்கையும் கழற்று, ஒவ்வொரு ஓட்டையிலும் மெல்லிய எண்ணெய் கொஞ்சம் ஊற்று, ஊறட்டும். ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டரால் இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். ஊறின பிறகு முன்னால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் அசை. அவசரப்படாதே.

*செவ்வாய்க்கிழமை*

கார்த்தி: சுற்றுகிறது! முதலில் முன்னும் பின்னும் லேசாக ஆடியது, அப்புறம் முழுச் சுற்று. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

அப்பா: சபாஷ்.

சேது பெரியப்பா: நல்லது. இனி முக்கியமான ஒன்று. நந்தினியைச் சீட்டில் உட்காரச் சொல், கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். நீ முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார். முன்னும் பின்னும் நகர்கிறதா?

நந்தினி: மாமா, இந்தச் சீட்டில் உட்கார வேண்டுமா? உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது.

சேது பெரியப்பா: ஒரு சாக்குப் போட்டுக்கொண்டு உட்காரம்மா, கொஞ்ச நேரம்தான்.

கார்த்தி: நகர்கிறது பெரியப்பா. கண்ணுக்கே தெரிகிறது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 14 தௌ, அதாவது ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 14 பங்கு, காட்டுகிறது.

சேது பெரியப்பா: அப்படியென்றால் பிளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் ஆடுவது, அதிகம். 4 முதல் 8 தௌ வரைதான் இருக்க வேண்டும். கடைசி மெயின் பேரிங்குக்கு இருபுறமும் அரைவட்டமாக இரண்டு த்ரஸ்ட் வாஷர் இருக்கும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு அதன் மேல்தான் உரசும். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே நிற்கிறவன் வண்டியில் சீக்கிரம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் வாஷர் நழுவி ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும், அதன் பிறகு கிராங்க் பிளாக்கையே அறுக்கும், இன்ஜின் கண்டம். உனக்கு இன்னும் விழவில்லை என்று நினைக்கிறேன். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை, அடியிலிருந்து சம்ப்பையும் அந்த ஒரு கேப்பையும் கழற்றினால் போதும். மாட்டும்போது பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாக்கைப் பார்த்து இல்லை. இதைத் திருப்பிப் போட்டவர்கள் உண்டு.

அரவிந்த்: அப்பா இவ்வளவு நீளமாக எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பியதில்லை.

சேது பெரியப்பா: உனக்கு 14 தௌ பிளே இல்லையே.

சுதா அத்தை: 😂😂 அண்ணா!

அப்பா: அண்ணன் 20 வயது குறைந்துவிட்டார்.

*வியாழக்கிழமை*

நந்தினி: 📷 படம்

நந்தினி: எங்கள் சாப்பாட்டு மேசை. அதில் இருப்பது கார்புரேட்டர். ஒன்று இல்லை, இரண்டு.

கார்த்தி: எஸ்யூ கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டர். மேல் மூடியைத் திறந்து பிஸ்டனைத் தூக்கி விட்டால் டொக்கென்று சீராக இறங்க வேண்டும், ஒன்று பாதியில் சிக்குகிறது, சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். வெளியே 3 டிகிரி, கராஜில் விரல் மரத்துப் போகிறது.

சுதா அத்தை: மூடியை மாற்றிப் போட்டுவிடாதே, குழம்புப் பாத்திரத்துக்கும் அதற்கும்.

சேது பெரியப்பா: அவள் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். ஒரு கார்புரேட்டர் பிஸ்டனை இன்னொன்றின் மூடியோடு சேர்க்காதே. ஒவ்வொன்றும் அதனதன் ஜோடி.

கார்த்தி: சரி பெரியப்பா. பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாம் மாற்றப் போகிறேன். 2021-இலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால், பழைய ரப்பரை அது கெடுத்துவிடும்.

சேது பெரியப்பா: ட்ரனியனைப் பார்த்தாயா? அதில் கிரீஸ் நிப்பிள் இருக்கும், பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அடிக்கத் தோன்றும். அடிக்காதே! அதற்குக் கிரீஸ் கிடையாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் இறுகிப் போய் மரைக்குள் இறங்காது, உள்ளே தண்ணீர் நின்று வெர்டிகல் லிங்க்கின் மரை அரிக்கும், ஒரு நாள் வளைவில் படக்கென்று ஒடிந்து சக்கரம் உள்ளே மடிந்துவிடும். மெட்ராஸ் ரோட்டில் அப்படி ஒரு பக்கமாக மண்டியிட்டு நிற்கிற ஹெரால்ட்களைப் பார்த்திருக்கிறேன், பாதி பேர் வண்டியைத் திட்டுவார்கள், தப்பு சர்வீஸ் செய்தவன் மேல். இன்னொன்று, வலது பக்கமும் இடது பக்கமும் மரை எதிரெதிர், மாற்றி வாங்கிவிடாதே.

கார்த்தி: கழற்றினேன். உள்ளே பழுப்பாக, மெழுகு போல இறுகிய கிரீஸ். சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் புதிது போடுகிறேன். இங்கே சாமான் கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை பெரியப்பா, 3 லட்சத்துக்கு மேல் கட்டிய வண்டி, இன்று சொன்னால் நாளை தபாலில் வருகிறது. ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கென்றே 1977-இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது.

சேது பெரியப்பா: கொடுத்து வைத்தவன். இங்கே ஹெரால்ட் வைத்திருப்பவன் ஒரு டெயில் லைட் கண்ணாடிக்கு நாயாய் அலைகிறான்.

*சனிக்கிழமை*

கார்த்தி: 📷 3 படங்கள்

கார்த்தி: இன்றைக்குத்தான் கெட்ட செய்தி. கதவுக்குக் கீழே ஓடுகிற சில். வெளியே பார்த்தால் வழவழவென்று இருந்தது, ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. யாரோ ஓட்டை மேல் கண்ணாடி நார் ஒட்டி, பட்டி பார்த்து, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தட்டினால் துரு கொட்டுகிறது.

சேது பெரியப்பா: சில்லா? அதற்கா இவ்வளவு வருத்தம்? அது அலங்காரத் தகடு, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது மாட்டு.

கார்த்தி: ஹெரால்டில் அப்படி. இதில் அப்படி இல்லை பெரியப்பா. ஹெரால்ட் சேசிஸில் நடுவிலிருந்து பக்கவாட்டில் கை நீண்டு ஓரத்தில் ஒரு சட்டம் ஓடுமே, ஸ்பிட்ஃபயரில் அதையே எடுத்துவிட்டார்கள். நடுவில் முதுகெலும்பு மட்டும்தான். மேலே கூரையும் கிடையாது. அதனால் பாடியின் பலம் முழுக்க அந்தச் சில்லில்தான், மூன்று அடுக்குத் தகடு. பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்மைக்கூடச் சேசிஸில் மாட்டவில்லை, பாடியில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

சேது பெரியப்பா: அடியில் படுத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதே, ஸ்டாண்டு வை.

கார்த்தி: 📷 படம்

சேது பெரியப்பா: ம். ஆமாம், பக்கச் சட்டமே இல்லை. அப்படியானால் கதை வேறு. இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. முதலில் கதவு ஓட்டையின் குறுக்கே, கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூணுக்கு, ஒரு இரும்புக் குழாயை வெல்டு வை, கதவை மாட்டிச் சாத்திப் பார்க்க இடம் விட்டு உள்பக்கமாக. பாடி சேசிஸ் மேலேயே போல்ட் போட்டபடி இருக்கட்டும். தரை மட்டம் பார்த்துக்கொள். ஒரு பக்கம் முழுசா முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு தகடு வைக்கும்போதும் கதவைச் சாத்திப் பார், இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று. இருந்தால் மட்டும் அடுத்த வெல்டு.

அரவிந்த்: அண்ணா, நீங்களே வெல்டிங் செய்கிறீர்களா? மிக் மெஷின்தானே? 0.6 கம்பி போடுங்கள், ஒரே இழுப்பாக ஓட்டாதீர்கள். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் நிரப்புங்கள். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். தொடங்கும் முன் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் கழன்றிருக்க வேண்டும்.

கார்த்தி: பெட்ரோல் டேங்கையும் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் முன்பக்கம்தான் அது இருக்கிறது. பழைய பீரோ தகட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஓட்டை போடாமல் வரவில்லை. நன்றாக வரும் வரை வண்டியைத் தொட மாட்டேன்.

நந்தினி: தீயணைப்பு சிலிண்டர் வாங்கிவிட்டேன். அது என் பங்கு.

சுதா அத்தை: இத்தனை செலவுக்கு ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம். சரி, என்ன கலர் அடிக்கப் போகிறாய்? சிவப்பே இருக்கட்டும்டா, போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

கார்த்தி: அத்தை, கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் மஞ்சள். டேஷ்போர்டுக்குப் பின்னாலும் மஞ்சள். கம்பெனியில் அடித்தது மிமோசா மஞ்சள், சிவப்பு அப்புறம் யாரோ அடித்தது.

சுதா அத்தை: மஞ்சளா? ஆட்டோ மாதிரி இருக்குமே.

சேது பெரியப்பா: கலரைப் பற்றி இப்போது யாரும் பேசக் கூடாது. பெயின்ட் கடைசி வேலை. முதலில் சில், தரைத்தகடு, ரேடியஸ் ஆர்ம் மாட்டுகிற இடம், அப்புறம் பிரேக், அதற்கு அப்புறம்தான் இன்ஜின். ஆசைக்கு இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்து, அடியில் ஓட்டையோடு விற்கிறார்களே, அந்தச் சிவப்புப் பெயின்ட்காரன் செய்ததும் அதுதான்.

அப்பா: அண்ணா, அப்படியே ஒரு டிக்கெட் போட்டு அங்கே போய்விடுங்கள்.

சேது பெரியப்பா: விசாவுக்கு அலைவது யார்? கார்த்தி, உன்னிடம் இன்ச் ஸ்பேனர் இருக்கிறதா? மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நட்டு முனை மழுங்கிவிடும். 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வண்டியைக் கழற்றிவிடலாம். என் செட் பரணில் சும்மா கிடக்கிறது, அரவிந்த் மாதக் கடைசியில் லண்டன் வருகிறானாம், கொடுத்து விடுகிறேன்.

அரவிந்த்: அப்பா, 23 கிலோதான் அனுமதி. சித்தி ஏற்கெனவே ஊறுகாய் கொடுத்திருக்கிறார்.

சேது பெரியப்பா: ஊறுகாயைக் குறைத்துக்கொள்.

நந்தினி: மாமா!! ஊறுகாய் வேண்டும். ஸ்பேனர் இங்கேயும் கிடைக்கும்.

கார்த்தி: இரண்டும் வேண்டும். பெரியப்பா, த்ரஸ்ட் வாஷர் ஆர்டர் போடுகிறேன், ஸ்டாண்டர்டே போதுமா?

சேது பெரியப்பா: ஸ்டாண்டர்ட் ஒரு ஜோடி, 5 தௌ ஓவர்சைஸ் ஒரு ஜோடி, இரண்டையும் வாங்கி வை. கழற்றி அளந்த பிறகு எது பொருந்துகிறதோ அதைப் போடலாம்.