ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர்னா 2000 கே.வி.ஏ.வா?

பழைய ஃபோர்மேன்: டர்பன்ல நம்ம கல்லூரி வளாகத்துல புது விடுதி வருது. "1000 கே.வி.ஏ. (மின்சுமை தாங்கற அளவு) டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு இருக்கு, உச்ச லோடு 850தான், 2000 வரைக்கும் கவலையில்ல"ன்னு நேத்து ஒரு மகானுபாவர் எழுதியிருக்கார். ஒண்ணு படுத்துட்டா மிச்சம் 1000. அதை வச்சுத்தான் திட்டம் போடணும்.

கணக்குப்புலி: அந்த மகானுபாவர் நான்தான். ரெண்டும் ஓடுதா இல்லையா? அப்போ 2000.

பழைய ஃபோர்மேன்: விடுதிக்கு 100 கீசர், ஒவ்வொண்ணும் 3 கிலோவாட். கே.வி.ஏ. கணக்குலயும் அதுவே 300. 850-ஓட கூட்டுங்க பார்ப்போம்.

கணக்குப்புலி: நூறும் ஒண்ணா ஓடுமா? தண்ணி சூடானதும் கீசரை நிறுத்தற தெர்மோஸ்டாட்டுன்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. பாதிகூட வராது.

பழைய ஃபோர்மேன்: சாதாரண நாள்ல வராது தம்பி. லோட் ஷெட்டிங்னு முறை வச்சு ரெண்டு மணி நேரம் நிறுத்தின கரண்ட் சாயங்காலம் திரும்பி வர்ற நிமிஷம்? பசங்க குளிச்சுத் தீர்த்திருப்பாங்க, அத்தனை தெர்மோஸ்டாட்டும் ஒண்ணா ஆன். ஏசியும் கூடவே. பிரேக்கர் டப்புனு விழும். போய்த் தூக்கினவன் நான்.

கணக்குப்புலி: லோட் ஷெட்டிங்கை 2024 மார்ச்லயே நிறுத்தியாச்சு. பேப்பர் படிக்கிறதில்லையா?

பழைய ஃபோர்மேன்: 2025 ஜனவரி கடைசில திரும்பி வந்ததை உங்க பேப்பர்ல போடலையா?

சாட்ஸ்வொர்த் பொண்ணு: கூரையில சோலார் போட்டா முடிஞ்சுதே, ஏன் சண்டை?

பழைய ஃபோர்மேன்: ராத்திரி ஏழு மணிக்கு உங்க வீட்டு மேல சூரியன் உதிக்குதாம்மா?

சாட்ஸ்வொர்த் பொண்ணு: கேள்வி கேட்டா கடிக்கிறீங்க. இதுக்குத்தான் யாரும் இங்க வர்றதில்ல.

கணக்குப்புலி: ஒண்ணு படுத்தாலும் மத்தது 120 சதவீதம் கொஞ்ச நேரம் தாங்கும். எண்ணெய்ல குளிர்ற டிரான்ஸ்ஃபார்மர் பொதுவா தாங்கும்.

பழைய ஃபோர்மேன்: கொஞ்ச நேரம்! படுத்ததுக்கு மாத்து வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் டர்பன் பிப்ரவரி வெயில்ல இது தனியா இழுக்கணும். உள்ள இருக்கற கம்பிச்சுத்தோட சூடு அளவுக்கு மேல ஆறு டிகிரி ஏறினா ஆயுள் பாதியாகும். 2022 ஏப்ரல் வெள்ளத்துல சப்ஸ்டேஷன்ல தண்ணி புகுந்ததுமா மறந்துபோச்சு? 1000, 1000, 1000.

கணக்குப்புலி: சொன்னதையே சொன்னா நெசமாகிடாது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் காசை முடக்கி வைக்க இது உங்க வீட்டுப் பணமில்ல.

பழைய ஃபோர்மேன்: கோயில் காவடிக்கு "ஜெனரேட்டர் எதுக்கு"ன்னு கேட்டதும் இவர்தான். டார்ச் வெளிச்சத்துல அலகு குத்தினாங்க.

கணக்குப்புலி: அடுத்த வருஷம் கொண்டுவந்தீங்களே, அதுக்கு ஊத்தின டீசலுக்கு பில் எங்க? கமிட்டி இன்னும் கேட்டுக்கிட்டிருக்கு.

பழைய ஃபோர்மேன்: பில் கேக்குறவர் கோயிலுக்கு ஒரு ரேண்ட் கொடுத்திருக்காரா?